ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) பாடமாகத் தெரிகிறது, பேக்எண்ட் கோடில் அதை எங்கே வைப்பது?

அரைப்புள்ளி:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக்எண்ட் (சர்வரில் ஓடும் பகுதி) வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜாவா மொழி, அதற்கு மேல் ஸ்பிரிங் பூட் ஃப்ரேம்வொர்க். அதற்கு முன் பைத்தானில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்டர்வியூவிலும் சொன்னேன், வேலையும் கிடைத்தது. விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய், பூனை, கத்து() என்று ஒரு மெத்தட், நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். எல்லாம் புரிகிறது. ஆனால் நான் தினமும் திறந்து உட்காரும் கோடில் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

இருப்பது இதுதான்: ஆர்டர் என்று ஒரு கிளாஸ், 24 ஃபீல்டு, எல்லாவற்றுக்கும் கெட்டர் (மதிப்பைப் படிக்கும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்). அப்புறம் ஆர்டர்சர்வீஸ் என்று ஒரு கிளாஸ், 1,100 வரி, எல்லா வேலையும் அங்கேதான் நடக்கிறது. போன வாரம் ஆர்டரை ரத்து செய்யும் பகுதியில் ஒரு மாற்றம் செய்து ரிவ்யூவுக்கு அனுப்பினேன். சீனியர் ஒரே ஒரு வரி எழுதினார்: "இது ஆப்ஜெக்ட் ஓரியன்டடாக இல்லை." விளக்கம் கேட்கப் போனால் அவர் இரண்டு வாரம் லீவு.

நான் எழுதியதும் கிளாஸுக்குள்தானே இருக்கிறது? அப்புறம் எது ஆப்ஜெக்ட் ஓரியன்டட்? நாய் பூனையைத் தாண்டி, நிஜ பேக்எண்ட் வேலைக்கு இதை எப்படிப் படிப்பது? வீடியோக்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அந்த நான்கு தூண்களிலேயே நிற்கின்றன.

---

பழைய_கோட்காரன்:

முதலில் நாய், பூனையை மறந்துவிடுங்கள். அந்த உதாரணம் தப்பில்லை, ஆனால் நீங்கள் ரொம்பக் குறைவாகப் பயன்படுத்தப்போகிற இன்ஹெரிட்டன்ஸை (ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று இறங்குவதை) முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்த வழக்கம் தொடங்கியது 1960களில் ஆஸ்லோவில், டாலும் நைகார்டும் செய்த சிமுலா மொழியில். பெயரே சொல்கிறது, சிமுலேஷனுக்காகச் செய்த மொழி. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், துறைமுகத்துக்கு வரும் கப்பல் என்று உலகத்தில் இருப்பதை அப்படியே கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு. அங்கே "கப்பல் ஒரு வாகனம்" என்று எழுதுவதில் அர்த்தம் இருந்தது. நமக்கு அந்த வேலை இல்லை. நம் வேலை, டேட்டாபேஸில் தப்பான வரி ஒன்று விழாமல் பார்த்துக்கொள்வது.

உங்கள் ஆர்டரையே எடுப்போம். (பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஜாவாவும் பைத்தான் மூன்றும் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ளும், உங்கள் சீனியர் ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு.) "அனுப்பிய ஆர்டரை ரத்து செய்யக்கூடாது" என்று ஒரு விதி இருக்கும் அல்லவா? அது எந்த ஃபைலில் எந்த வரியில் இருக்கிறது? இப்போதே தேடிப் பாருங்கள். ஆர்டர்.நிலையைவை("ரத்து") என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் ஏபிஐயில் ஒன்று இருக்கும். அட்மின் பக்கத்தில் ஒன்று. ராத்திரி ஓடும் ஜாபில் ஒன்று. முதல் இரண்டில் "அனுப்பியாகிவிட்டதா?" என்ற இஃப் இருக்கும், மூன்றாவதில் யாரோ மறந்திருப்பார்கள். பந்தயம் வேண்டுமானால் கட்டலாம்.

இப்போது நிலையைவை() என்ற செட்டரைத் தூக்கிவிட்டு, ஆர்டர் கிளாஸுக்குள் ரத்துசெய்() என்று ஒரு மெத்தட் வையுங்கள். உள்ளே முதல் வேலை, தற்போதைய நிலையைப் பார்ப்பது. அனுப்பியாகிவிட்டது என்றால் எக்ஸெப்ஷன் (பிழை) எறிவது. இல்லையென்றால் நிலையை மாற்றி, ரத்தான நேரத்தையும் காரணத்தையும் சேர்த்தே பதிவது. மூன்று இடங்களும் இனி இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர முடியும். நான்காவதாக ஒருவர் அடுத்த வருடம் புதிதாக எழுதினாலும் அவரும் இதே வழிதான், அவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

என்கேப்சுலேஷன் என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். ஃபீல்டை எல்லாம் பிரைவேட் ஆக்கிவிட்டு, ஐடிஇயில் (கோட் எழுதும் செயலியில்) ஒரு சொடுக்கில் 24 செட்டர் உருவாக்குவது, கதவைப் பூட்டிவிட்டு சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி. உங்கள் சீனியர் சொல்ல வந்ததும் அநேகமாக இதைத்தான், சொல்லியிருக்கலாம் மனிதர்.

---

வெற்றுச்சுட்டி:

மேலே சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லா சர்வீஸையும் உடைத்து ஆப்ஜெக்டுக்குள் தள்ளப் போகாதீர்கள்.

பேக்எண்டில் கிளாஸ் என்ற பெயரில் இரண்டு வேறு ஜீவன்கள் நடமாடுகின்றன. ஒன்று, ஆர்டர் மாதிரி, தனக்கென்று தரவும் அதற்கான விதியும் உள்ளது. இன்னொன்று ஆர்டர்சர்வீஸ் மாதிரி, உள்ளே தரவே இல்லாதது. இரண்டாவது வகை, உண்மையைச் சொன்னால், சில ஃபங்ஷன்களை ஒரு பையில் போட்டு, அவற்றுக்குத் தேவையான ரெபாசிட்டரி (டேட்டாபேஸில் எடுத்து வைக்கும் கிளாஸ்), மெயில் கிளையன்ட் இவற்றைக் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வழியாகக் கொடுத்து வைத்திருப்பது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அந்தப் பைக்குள் தரவை வைக்காமல் இருந்தால் போதும்.

நான் வைத்தேன். சொல்கிறேன் கேளுங்கள். வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு சர்வீஸில் ஐந்தாறு மெத்தடுக்கும் பயனரை ஆர்க்யுமென்டாக அனுப்பிக்கொண்டே இருப்பது கோரமாகத் தெரிந்தது. "ஊப்ஸ் படி" அழகாக்குகிறேன் என்று தற்போதையபயனர் என்று ஒரு ஃபீல்டு வைத்து, முதல் மெத்தடில் அதை நிரப்பி, மற்ற மெத்தடுகளில் எடுத்துக்கொண்டேன். என் மெஷினில் ஓடியது. டெஸ்ட் எல்லாம் பச்சை. புரொடக்ஷனில் ஒருவருடைய விலாசம் இன்னொருவரின் பக்கத்தில் தெரிந்தது. அதுவும் எப்போதாவது, கூட்டமான நேரத்தில் மட்டும். இரண்டு நாள் லாகைத் துழாவியும் பிடிபடவில்லை. கடைசியில் டெர்மினலில் இரண்டு ஜன்னல் திறந்து, இரண்டு வேறு பயனராக ஒரே ஏபிஐயை லூப்பில் அடித்தபோது பத்து வினாடிக்குள் பெயர் மாறி வந்தது.

காரணம் என்னவென்றால், ஸ்பிரிங்கில் சர்வீஸ் கிளாஸுக்கு நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாகும். நூறு ரிக்வெஸ்ட் நூறு த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டத்தில்) வந்தாலும் எல்லோரும் அதே ஆப்ஜெக்டைத்தான் தொடுகிறார்கள். நான் எழுதிய பயனரை அடுத்த த்ரெட் அழித்து எழுதிவிட்டது. பைத்தானில் இதற்கு ஒரு தம்பி உண்டு: கிளாஸ் உடலில் நேரடியாக பொருட்கள் = [] என்று எழுதினால் அந்த லிஸ்ட் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது. ஒரு கூடையில் போட்டது எல்லாக் கூடையிலும் தெரியும். கன்ஸ்ட்ரக்டருக்குள் எழுதினால்தான் ஆளுக்கு ஒன்று.

அதனால் நான்கு தூணை விட, ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் பார்த்து இதை யார் உருவாக்குகிறார்கள், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், யாரெல்லாம் பங்கு போடுகிறார்கள் என்று கேட்கப் பழகுங்கள் என்பேன். சர்வீஸ், ரெபாசிட்டரி எல்லாம் செயலி ஓடும் வரைக்கும். ஆர்டர் ஒரு ரிக்வெஸ்டுக்குள் பிறந்து மடியும். தொகை, தேதி மாதிரியானவை ஒரு கணக்கு முடியும் வரை. இந்த மூன்று ஆயுளைக் குழப்பினால் என் கதைதான்.

இன்னொன்று, அனோட்டேஷன்கள் (கோடுக்கு மேல் ஒட்டும் குறிப்புகள்) மந்திரம் கிடையாது. ட்ரான்ஸாக்ஷனல் என்று ஒரு மெத்தட் மேலே எழுதினால், ஸ்பிரிங் உங்கள் ஆப்ஜெக்டைச் சுற்றி ஒரு ப்ராக்ஸி (பதிலி) ஆப்ஜெக்டை வைத்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை அது வாங்கி, ட்ரான்ஸாக்ஷனை (எல்லா மாற்றமும் சேர்ந்தே பதிவாகும், இல்லையேல் ஒன்றும் ஆகாது) தொடங்கிவிட்டு உள்ளே அனுப்புகிறது. அதே கிளாஸுக்குள் இருந்தே அந்த மெத்தடை அழைத்தால் ப்ராக்ஸியைத் தொடாமலேயே போய்விடும், ட்ரான்ஸாக்ஷன் தொடங்காது, எரரும் வராது. ஒரே அழைப்பு, பின்னால் நிற்கும் ஆப்ஜெக்டைப் பொறுத்து வேறு வேலை: இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்குப் பாலிமார்ஃபிசம் புரிந்தது. நாயும் பூனையும் பத்து தடவை கத்தியும் புரியாதது.

---

அரைப்புள்ளி:

அண்ணா இருவருக்கும் நன்றி. தேடிப் பார்த்தேன். நிலையைவை() 17 இடத்தில் இருக்கிறது. அதில் ரத்து செய்வது ஆறு. ஆறில் இரண்டில் எந்தச் சோதனையும் இல்லை, ஒன்றில் இருக்கிறது ஆனால் "அனுப்பப்பட்டது" என்பதற்குப் பதில் எனமுக்கு (நிலைகளின் நிலையான பட்டியலுக்கு) முந்தைய காலத்து ஸ்ட்ரிங்கோடு ஒப்பிடுகிறது, அதனால் எப்போதும் பொய்தான். பந்தயம் கட்டாதது நல்லதாகப் போயிற்று.

ரத்துசெய்() எழுத உட்கார்ந்ததும் மாட்டிக்கொண்டேன். ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மெயில் போக வேண்டும், சரக்கு இருப்பைக் கூட்ட வேண்டும். இதெல்லாமே ஆர்டருக்குள் வருமா? வந்தால் ஆர்டருக்குள் மெயில் கிளையன்ட், பேமென்ட் கிளையன்ட் எல்லாம் வேண்டும். டேட்டாபேஸிலிருந்து ஹைபர்னேட் லைப்ரரி எடுத்துக்கொடுக்கும் ஆப்ஜெக்டுக்குள் அதையெல்லாம் எப்படி நுழைப்பது? வராவிட்டால் பழையபடி சர்வீஸிலேயே எழுத வேண்டியதுதானே, என்ன மாறியது?

---

ராத்திரி_டிப்ளாய்:

நல்ல கேள்வி. இங்கேதான் நிறைய பேர் சறுக்கி, ஒன்று எல்லாவற்றையும் உள்ளே போடுவார்கள், இல்லை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவார்கள்.

நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு எளிமையானது. முடிவெடுப்பது ஆர்டர், ஓடியாடிச் செய்வது சர்வீஸ். ரத்து செய்யலாமா, எவ்வளவு திருப்பித் தர வேண்டும் (பாதி அனுப்பியிருந்தால் பாதி, கூப்பன் போட்டிருந்தால் கழித்து) என்பதெல்லாம் ஆர்டருக்குத்தான் தெரியும், அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. அதனால் ரத்துசெய்() சும்மா திரும்பாமல், திருப்ப வேண்டிய தொகையைக் கொடுக்கட்டும். சர்வீஸ் அதை வாங்கி, ஆர்டரைச் சேமித்து, பேமென்ட்காரரிடம் போய்க் கேட்கட்டும். உங்கள் 1,100 வரியில் கரைவது இஃப்-எல்ஸ் பகுதி. மிஞ்சுவது எடு, முடிவெடுக்கச் சொல், சேமி, தெரிவி என்று மேலிருந்து கீழே வாசிக்கக்கூடிய பத்துப் பதினைந்து வரி.

பேமென்ட்காரர் என்றேனே, இன்டர்ஃபேஸ் (என்ன செய்யும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதை விட்டுவைப்பது) தேவைப்படும் இடம் அது. பணம்திருப்புபவர் என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதில் ஒரே ஒரு மெத்தட். நிஜமான ஒன்று வெளி நிறுவனத்தின் ஏபிஐயை அழைக்கும். டெஸ்டுக்கு ஒன்று, வந்த தொகையை ஒரு லிஸ்டில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இரண்டு இம்ப்ளிமென்டேஷன் முதல் நாளிலேயே இருக்கிறது, அதனால் இன்டர்ஃபேஸ் நியாயம். இதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ், அதற்குப் பின்னால் "இம்ப்ள்" என்று வால் ஒட்டிய ஒரே ஒரு கிளாஸ் என்று எழுதும் வியாதி வந்துவிடும். வேண்டாம். தேவைப்படும் அன்று ஐடிஇ பிரித்துக் கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது, இதை ஊப்ஸ் தீர்க்காது. டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்ஷனுக்குள் இருந்துகொண்டு பணத்தைத் திருப்பாதீர்கள். பணம் போய்விட்டது, அப்புறம் கமிட் (மாற்றத்தை நிலைப்படுத்துவது) தோற்றது என்றால் என்ன ஆகும்? பணமும் போச்சு, ஆர்டரும் "பணம் செலுத்தியது" என்றே நிற்கும், வாடிக்கையாளர் மறுபடியும் அழுத்தினால் மறுபடியும் போகும். முதலில் "ரத்து, பணம் திருப்ப வேண்டியது பாக்கி" என்று சேமித்து கமிட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு வெளியே கேளுங்கள். கேட்கும்போது ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் மாறாத ஒரு ஐடி அனுப்புங்கள், இரண்டு தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.

---

மூன்றாம்_முயற்சி:

ராத்திரி_டிப்ளாய் சொன்னதோடு ஒட்டி ஒன்று. ஆர்டருக்குள் விதியை வைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று தூங்கிவிட வேண்டாம். அந்த விதி ஒரு ஆப்ஜெக்டுக்குத்தான் காவல். இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் அதே ஆர்டரை டேட்டாபேஸிலிருந்து எடுத்தால் இரண்டு தனித்தனி ஆப்ஜெக்ட். ஒன்று "அனுப்பு" என்கிறது, இன்னொன்று "ரத்து" என்கிறது, இரண்டும் தன் பார்வையில் சரி, கடைசியில் சேமித்தது ஜெயிக்கும். டேபிளில் வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை வைத்து, சேமிக்கும்போது "வெர்ஷன் இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் மாற்று, மாற்றி 8 ஆக்கு" என்று கேட்க வேண்டும். மாறிய வரிகள் பூஜ்யம் என்றால் நமக்கு முன்னால் யாரோ கை வைத்துவிட்டார்கள். ஜேபிஏவில் (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரம்) அந்த ஃபீல்டு மேல் ஒரு அனோட்டேஷன் போட்டாலே இதைச் செய்துகொள்ளும்.

இன்ஹெரிட்டன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் என் புலம்பல். முன்பு வேலை பார்த்த இடத்தில் பேஸ்சர்வீஸ் என்று ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் லாக் எழுதுவதற்காக வந்தது. அப்புறம் கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கையருகே வைத்திருப்பது) வந்தது. அப்புறம் தேதியை வடிவமைக்கும் மெத்தட். "எல்லோருக்கும் தேவைப்படுகிறதே" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் சாக்கு. நான் போகும்போது அதிலிருந்து 11 கிளாஸ் இறங்கியிருந்தன, பேஸுக்குள்ளேயே "நான் இன்வாய்ஸ் சர்வீஸாக இருந்தால் இந்த கேஷ் வேண்டாம்" என்று ஒரு இஃப். அப்பா மகனைப் பார்த்து "நீ யாருடா?" என்று கேட்கும் கோட் அது. ஒரு வரி மாற்றினால் 11 இடத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் மாற்றவில்லை.

இதில் நாம் மட்டும் முட்டாள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஜாவா முதல் பதிப்பிலிருந்தே ஸ்டாக் (Stack) என்ற கிளாஸ் வெக்டார் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து இறங்குகிறது. ஸ்டாக் என்றால் மேலே வை, மேலிருந்து எடு, அவ்வளவுதான். ஆனால் வெக்டாரின் பிள்ளை என்பதால் நடுவில் மூன்றாவது இடத்தில் ஒன்றைச் செருகலாம், அடியிலிருந்து உருவலாம். அப்படியே வெளியிட்டாகிவிட்டது, இனித் திரும்ப வாங்க முடியாது. இப்போது ஜாவா ஆவணமே டெக் (Deque, இரு முனையிலும் வைத்து எடுக்கும் வரிசை) இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தச் சொல்கிறது. வெக்டாரை உள்ளே ஒரு பிரைவேட் ஃபீல்டாக வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

நான் இன்ஹெரிட்டன்ஸை மனமார எழுதும் ஒரே இடம் எக்ஸெப்ஷன். பேமென்ட்பிழை என்று ஒன்று, அதிலிருந்து தற்காலிகப்பிழை, நிரந்தரப்பிழை. டைம்அவுட் முதல் வகை, மறுபடி முயற்சி செய்யலாம். கார்டு காலாவதி இரண்டாவது வகை, ஆயிரம் தடவை கேட்டாலும் நடக்காது. ரீட்ரை எழுதும் இடத்தில் தற்காலிகப்பிழையை மட்டும் பிடித்தால் போதும். அப்புறம் ஜாங்கோ மாதிரி ஃப்ரேம்வொர்க்கே "என் மாடலிலிருந்து இறங்கு" என்று சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

---

பழைய_கோட்காரன்:

படிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானும் சேர்த்து.

பார்க்கிங் லாட் டிசைன், லிஃப்ட் டிசைன் எல்லாம் இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு குறை, வரைந்ததும் முடிந்துவிடும், யாரும் வந்து "இப்போது இதை மாற்று" என்று சொல்வதில்லை. ஒரு வடிவம் நல்லதா இல்லையா என்பது மாற்றம் வரும்போதுதான் தெரியும். அதனால் சின்னதாக ஒன்று எடுங்கள், சீட் முன்பதிவு என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை கிளாஸே இல்லாமல் வெறும் ஃபங்ஷனும் டிக்‌ஷனரியுமாக பைத்தானில் எழுதுங்கள். ஓட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்களே உங்களுக்கு மேனேஜராக மாறி மாற்றங்களைக் கொடுங்கள். ஒரு சீட்டை பத்து நிமிடம் பிடித்து வைக்கலாம், பணம் வராவிட்டால் விடுபட வேண்டும். குழுவாக எடுத்தால் எல்லாம் கிடைக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் வேண்டாம். ரத்து செய்யும் நேரத்தைப் பொறுத்துத் திரும்பும் தொகை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கிட் டிஃப் (எந்த ஃபைலில் எந்த வரி மாறியது என்ற பட்டியல்) பாருங்கள். எத்தனை ஃபைல் தொட வேண்டியிருந்தது? ஒரே விஷயத்துக்காக ஐந்து ஃபைல் தொட்டீர்கள் என்றால் அந்த ஐந்திலும் ஒரே விதி சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த விதிக்கு ஒரு வீடு கட்டுங்கள். அந்த வீட்டுக்குப் பெயர்தான் கிளாஸ்.

பத்து நிமிடக் கதைக்கு வரும்போது ஒன்று தானாகவே புரியும். கோடுக்குள் "இப்போது மணி என்ன" என்று நேரடியாகக் கேட்டிருந்தால், டெஸ்ட் எழுத பத்து நிமிடம் தூங்க வேண்டும். நேரத்தை ஒரு கடிகார ஆப்ஜெக்டாக வெளியிலிருந்து கொடுத்தால், டெஸ்டில் முள்ளை நீங்களே நகர்த்தலாம். டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்று பெரிய பெயர் வைத்து பயமுறுத்துவது இதைத்தான். கன்ஸ்ட்ரக்டரில் ஒரு ஆர்க்யுமென்ட்.

சின்னக் கிளாஸ்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், லாபம் அங்கேதான் அதிகம். தொகையையும் கரன்சியையும் தனித்தனியாக எத்தனை மெத்தடுக்கு அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். அதுவும் டபுள் வகை எண்ணில் வைத்திருந்தால் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். துல்லியமான பிக்டெசிமல் வகைக்கு மாறினால் அது தீரும், ஆனால் 2.0 உம் 2.00 உம் ஈக்வல்ஸ் மெத்தடில் சமமில்லை என்ற புதுத் தலைவலி வரும், கம்பேர்டூ (compareTo) மெத்தடில்தான் சமம். இதையெல்லாம் பணம் என்று ஒரு கிளாஸுக்குள் ஒரு தடவை அடைத்து, வேறு வேறு கரன்சியைக் கூட்டினால் எக்ஸெப்ஷன் என்று வைத்துவிட்டால், மற்ற யாரும் இதை நினைக்கவே வேண்டாம். இந்த மாதிரிச் சின்னக் கிளாஸுக்கு ஜாவா 16இலிருந்து ரெக்கார்ட் இருக்கிறது, பைத்தான் 3.7இலிருந்து டேட்டாகிளாஸ் இருக்கிறது, ஃப்ரோசன் என்று சொன்னால் மாற்ற முடியாததாகிவிடும். நாலு வரியில் வேலை முடிந்தது.

ஊப்ஸ் என்ற சொல்லை உருவாக்கிய ஆலன் கேயே 1998இல் ஒரு மின்னஞ்சலில், "ஆப்ஜெக்ட்" என்று பெயர் வைத்ததற்கு வருந்தினார். எல்லோரும் ஆப்ஜெக்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெரிய விஷயம் அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள்தான் என்ற பொருளில். உங்கள் கோடில் "ஆர்டரே, ரத்தாகு" என்பது செய்தி. "ஆர்டரே, உன் நிலையைக் காட்டு, நான் பார்த்து மாற்றி வைக்கிறேன்" என்பது பையைத் துழாவுவது.

---

அரைப்புள்ளி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செட்டரை அழித்ததும் 17 கம்பைல் எரர், ஒவ்வொன்றாகப் போய்ச் சரிசெய்தேன், எரர் லிஸ்டே செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாகிவிட்டது. அனுப்பு(), ரத்துசெய்(), டெலிவரியானது() என்று ஐந்து மெத்தட் வந்திருக்கிறது. ஹைபர்னேட்டுக்கு ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்று அடம் பிடித்தது, அதை புரொடெக்டட் ஆக்கி விட்டேன், வெளியாட்கள் வெற்று ஆர்டரை உருவாக்க முடியாது. சர்வீஸ் 1,100இலிருந்து 640 வரி. சீனியர் லீவு முடிந்து வந்து பார்த்துவிட்டு ஒரு மெத்தட் பெயரில் எழுத்துப்பிழை என்று மட்டும் எழுதினார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு இடம் மட்டும் மடங்கவில்லை. ராத்திரி ஜாப், 48 மணி நேரமாகப் பணம் வராத ஆர்டர்களை ரத்து செய்வது. அது ஆப்ஜெக்டையே தொடுவதில்லை, ஒரே ஒரு அப்டேட் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்கு நேரடிக் கட்டளை), சில ராத்திரிகளில் 40,000 வரி மாற்றுகிறது. ஒவ்வொன்றையும் எடுத்து ரத்துசெய்() என்று அழைத்துப் பார்த்தேன், நாலு வினாடியில் முடிந்தது 25 நிமிடம் ஆனது. ஆனால் எஸ்க்யூஎல்-ஐ விட்டுவைத்தால் விதி இரண்டு இடத்தில் இருக்கும், இத்தனை பேசியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமே?

---

வெற்றுச்சுட்டி:

25 நிமிடத்துக்கு ஊப்ஸ் மேல் பழி போட வேண்டாம், ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ளிருக்கும் பொருட்களைத் தனித்தனி குவெரியில் ஹைபர்னேட் எடுத்துக்கொண்டிருக்கும். லாகில் எஸ்க்யூஎல்-ஐக் காட்டச் சொல்லிப் பாருங்கள், கண் கலங்கும். அதைச் சரிசெய்தால் பாதிக்கு மேல் குறையும். ஆனாலும் நாலு வினாடிக்கு வராது.

---

ராத்திரி_டிப்ளாய்:

எஸ்க்யூஎல்-ஐ விட்டுவையுங்கள். ரெபாசிட்டரிக்குள் பணம்வராதவற்றைரத்துசெய்() என்று பெயரோடு வையுங்கள், ஜாபுக்குள் ஸ்ட்ரிங்காகக் கிடக்க வேண்டாம். விதி இரண்டு இடத்தில் இருப்பது உண்மைதான், அதனால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதுங்கள். எனமில் உள்ள ஒவ்வொரு நிலைக்கும், பணம் வந்தது வராதது இரண்டுக்கும் ஒரு ஆர்டர் உருவாக்கி, முதலில் ஆப்ஜெக்டிடம் ரத்துசெய்யலாமா() என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 49 மணி நேரப் பழையதாக ஒரு நிஜ டேட்டாபேஸில் போட்டு எஸ்க்யூஎல்-ஐ ஓட்டுங்கள். ஆப்ஜெக்ட் கூடாது என்று சொன்ன ஒன்றை எஸ்க்யூஎல் ரத்து செய்திருந்தால் டெஸ்ட் விழ வேண்டும். நாளைக்கு யாராவது புது நிலை சேர்த்தால் எனமிலிருந்து தானாகவே அதுவும் டெஸ்டுக்குள் வந்துவிடும்.

---

அரைப்புள்ளி:

எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே விழுந்தது. எஸ்க்யூஎல் "அனுப்பப்பட்டது" நிலையைத் தவிர்க்கிறது, "பாதி அனுப்பப்பட்டது" நிலையைத் தவிர்க்கவில்லை. பணம் வராமல் எப்படிப் பாதி அனுப்புவார்கள் என்று யோசித்தேன், டெலிவரியின்போது பணம் தரும் ஆர்டர்கள் எல்லாம் அப்படித்தானே. ஒரு வார்த்தை சேர்த்ததும் பச்சை. இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கிட் வரலாற்றில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கமிட் செய்தவர் பெயரைப் பார்த்தால் நம் சீனியர்.